வழுக்கியது ஏணி

புடைவைக் கடைக்குள் நுழைகிறவர்கள் துணியைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள், நிலைக்கண்ணாடியில் தங்களைப் பார்ப்பார்கள். மூலையில் சாத்தி வைத்திருக்கும் ஏணியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஏணி இல்லாவிட்டால் கடையின் பாதிச் சரக்கு எவருக்கும் எட்டாது. நமது கடைத்தெருக்களில் நிலம் குறைவு. ஆகவே கடைகள் மேல்நோக்கி வளர்கின்றன. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள்தான். கொழும்பு புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் அப்படித்தான். அங்கிருந்து சரக்கெடுக்கும் கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுக் கடைகளிலும் அப்படித்தான்.

அப்படியான ஒரு கடையில் என் வாப்பா 22 வருடங்கள் சேல்ஸ்மேனாக வேலை செய்தார். துணியை விரலால் தொட்டே பருத்தியா, பொலியெஸ்டர் கலந்ததா என்று சொல்லுவார். எந்தத் தட்டில் எந்த நிறம் இருக்கிறதென்பது முதலாளியைவிட வாப்பாவுக்கே நன்றாகத் தெரியும். ஒரு றோலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்து ஏறி இறங்குவார். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

நான் தரம் 11 படித்த வருடம், நோன்பின் கடைசிப் பத்தில் அவர் அந்த ஏணியிலிருந்து விழுந்தார்.

பெருநாள் காலத்தில் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தராவீஹ் முடிந்த பிறகுதான் சனம் வரத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியும் கதவு மூடப்படாது. பகலெல்லாம் நோன்பு பிடித்து நின்றவர்கள்தான் இரவிலும் நிற்பார்கள். புறக்கோட்டையிலிருந்து வந்த பொதிகளைப் பிரிக்க நேரமிருக்காது. தட்டுகளின் அடியிலேயே அவற்றை அடுக்கியிருப்பார்கள். அன்றிரவு ஒரு தாய் தன் மகளுக்கு, மேல்தட்டில் தெரிந்த ஊதா நிறத் துணியைக் கேட்டார். பொதிகள் மறித்துக்கொண்டிருந்ததால் ஏணியின் அடியைத் தட்டுக்கு அருகே வைக்க முடியவில்லை. வாப்பா அதை வெளியே இழுத்து, நடைபாதையில் ஊன்றிவிட்டு ஏறினார். கீழே பளபளப்பான மாபிள் தரை. ஏணியின் றப்பர் கால்கள் எப்போதோ தேய்ந்து, அலுமினியம் வெளியே தெரிந்தது. றோலைத் தோளில் ஏற்றித் திரும்பும்போது ஏணியோடு கீழே வந்தார்.

சுற்றி நின்றவர்கள் நல்ல மனதோடு ஓடி வந்தார்கள். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். நிற்க முடியாமல் சரிந்தபோது, காலையும் இடுப்பையும் மடக்கி ஓர் ஆட்டோவுக்குள் ஏற்றினார்கள். முள்ளந்தண்டில் அடிபட்ட ஒருவரை அப்படித் தூக்கவே கூடாதென்று பிறகு வைத்தியசாலையில் சொன்னார்கள். எலும்பு நொறுங்கியிருந்தால், தவறான ஓர் அசைவே நரம்பைப் பாதித்து வாழ்நாள் முழுவதும் படுக்கையில் போட்டுவிடும். விழுந்தவரை அந்த இடத்திலேயே அசையாமல் படுக்க வைத்து, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். அந்த இலக்கம் எங்கள் யாருக்கும் தெரியாததல்ல. அந்த நேரத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வாப்பாவின் நரம்பு தப்பியது.

வலது குதிக்கால் எலும்பு நொறுங்கியிருந்தது. டொக்டர் அதைப் பார்த்தவுடனேயே, வலி பெரிதாக இல்லை என்று வாப்பா சொல்லியும், நாரியையும் படம் பிடிக்கச் சொன்னார். உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறவரின் உடற்பாரம் முழுவதும் முதலில் குதிக்காலில் இறங்குகிறது. அந்த அதிர்ச்சி கால் வழியாக ஏறி முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியைத் தாக்குகிறது. அதனால் குதிக்கால் உடைந்தால் முதுகையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். படத்தில் முதலாவது நாரி முள்ளந்தண்டென்பு நசுங்கியிருந்தது.

பார்க்க வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உம்மா ஒரே பதிலைத்தான் சொன்னா: "ஏணியில நிக்கக்குள்ள கால் தவறிட்டாம்." வந்தவர்கள் தலையசைத்து, "கவனமா நின்டிருக்கலாம்" என்பார்கள். சிலர் "நஸீபு, என்ன செய்யிற" என்பார்கள். இரண்டுமே அன்பாகச் சொல்லப்பட்டவைதான். ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைக் கேட்கும் வாப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "தவறி விழுந்தார்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறு விழுந்தவருடையது ஆகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு வாப்பா அதிகம் பேசவில்லை. பழைய கூட்டாளிமார் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வார். வலியை அவர் பொறுத்துக்கொண்டார்; வெட்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 22 வருடம் ஏறி இறங்கிய ஒருவர், சனம் நிறைந்த கடையில் சின்னப் பிள்ளைபோல விழுந்துவிட்டோம் என்று நினைத்தார். ஒரு நாள் என்னிடம், "வயசு போகுது மகள், கால் பழைய மாதிரி இல்ல" என்றார். அப்போது அவருக்கு வயது 46.

ஏழு மாதங்கள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. உம்மா தையல் மெஷினைத் துடைத்து, இரவு பகலாக உடுப்புத் தைத்தா. முதலாளி ஹாஜியார் நல்ல மனிதர். வைத்தியசாலைக்கு வந்தார், மருந்துக்குக் காசு தந்தார், இரண்டு மூடை அரிசி அனுப்பினார். இதற்கிடையில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் என் மாமா ஒரு விடயத்தைச் சொன்னார். வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1934ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் இருக்கிறது. வேலையின்போது வேலையினால் ஏற்பட்ட விபத்தில் ஒருவர் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளி கவனயீனமாக இருந்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது ஆகக்கூடிய தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள்.

வாப்பா மறுத்துவிட்டார். "அவர்ர அரிசியத் திண்டுட்டு அவருக்கெதிராக் கடிதம் எழுதுறதா? என்ட கால் தவறினதுக்கு அவர் என்ன செய்வார்?" என்றார்.

உம்மா மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னா: "அவர் தந்தது நன்மைக்கு. இது கணக்கு. நன்மைய அல்லாஹ்கிட்ட அவர் வாங்கிக்குவார். கணக்க எங்ககிட்ட முடிக்கத்தானே வேணும்?"

உம்மா எட்டாம் வகுப்புவரைதான் படித்தவ. இந்த விடயத்தில் அதைவிடத் தெளிவாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அரிசி மூடை வரும்போது நாம் நன்றி சொல்ல வேண்டும். அது வராமல் விட்டால் கேட்க முடியாது. சட்டப்படி வருவதற்குத் தலை குனிய வேண்டியதில்லை. மாமாவும் உம்மாவும் போய்ப் பேசியபோது ஹாஜியார் மனம் நொந்தார். "நான் என்ன குறை வெச்ச?" என்று கேட்டாராம். இரண்டு கிழமை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த இரண்டு கிழமையும் வாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஹாஜியார் தன் கணக்காளரிடம் விசாரித்துவிட்டு, முறைப்படியே செய்வோம் என்றார். கிடைத்த தொகை எங்கள் கடனை எல்லாம் தீர்க்கவில்லை. ஆனால் உம்மாவின் இரவுத் தையலை நிறுத்தியது.

இவ்வளவுக்குப் பிறகும் வாப்பாவின் மனதில் அந்தக் கால் தவறிய கதை அப்படியே இருந்தது. அதை மாற்றியது ஒரு கணக்கு.

உயர்தரத்தில் நான் கணிதப் பிரிவை எடுத்தேன். இணைந்த கணிதத்தில் நிலையியல் படிக்கும்போது ஏணிக் கணக்கு வராமல் இருக்காது. கணிதப் பிரிவுத் தோழிகள் எல்லோரும் அதோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். ஏணியின் அடி கரடான தரையில் இருக்கிறது. மேல்முனை ஒப்பமான சுவரில் சாய்ந்திருக்கிறது. ஒரு மனிதன் ஏறுகிறான். ஏணி வழுக்காமல் அவன் எவ்வளவு தூரம் ஏறலாம்? ரீச்சர் கரும்பலகையில் படத்தை வரைந்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இந்தக் கணக்கில் மனிதனின் கால் வழுக்குவதே இல்லை. வழுக்குவது ஏணி.

கணக்குச் சொல்வது இதுதான். ஏறுகிறவரின் பாரம் ஏணியைச் சுவரோடு தள்ளுகிறது. சுவர் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுகை ஏணியின் அடியை வெளியே வழுக்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது தரையின் உராய்வு மட்டுமே. மனிதன் மேலே போகப் போக அடியைத் தள்ளும் விசை கூடுகிறது. ஆகவே முதல் நான்கு படியில் அசையாமல் நிற்கும் ஏணி எட்டாவது படியில் வழுக்கலாம். "இவ்வளவு நேரமும் நன்றாகத்தானே நின்றது" என்பது ஏணி விடயத்தில் ஒரு சாட்சியே அல்ல.

சாய்வும் முக்கியம். ஏணி சாய்ந்திருக்கும் உயரம் நான்கு பங்கென்றால், அடி ஒரு பங்கு வெளியே இருக்க வேண்டும் என்பது உலகமெங்கும் வேலைத்தளங்களில் சொல்லிக் கொடுக்கும் விதி. அது தரையோடு ஏறத்தாழ 75 பாகைக் கோணம். வாப்பா ஏறியது 12 அடி ஏணி. அதன் அடி சுமார் 3 அடி வெளியே இருந்திருக்க வேண்டும். பொதிகள் மறித்ததால் 6 அடி வெளியே இருந்தது. அதாவது 60 பாகை. கணக்கைச் செய்து பார்த்தேன். அதே மனிதர் அதே உயரத்தில் நிற்கும்போது, ஏணியைப் பிடித்து நிறுத்தத் தேவையான உராய்வு இரண்டு மடங்கையும் தாண்டியிருந்தது. தரையோ மாபிள், ஏணிக்கோ றப்பர் இல்லை.

இன்னொரு சிறு கணக்கும் செய்தேன். அவர் நின்றது தரையிலிருந்து ஏறத்தாழ 2.5 மீற்றர் உயரம். அங்கிருந்து விழும் எதுவும் தரையைத் தொட 0.7 செக்கன் எடுக்கும். தொடும்போது வேகம் செக்கனுக்கு 7 மீற்றர், அதாவது மணிக்கு 25 கிலோமீற்றர். எவ்வளவு கவனமான மனிதராலும் அந்த 0.7 செக்கனுக்குள் எதையும் திருத்த முடியாது. கவனம் என்பது ஏறுவதற்கு முன்னால், ஏணியை ஊன்றும்போதே இருக்க வேண்டியது. பொதிகளை அங்கே அடுக்கும்போதே இருக்க வேண்டியது. தேய்ந்த றப்பரை மாற்றாமல் விட்ட மாதங்களில் இருந்திருக்க வேண்டியது.

அந்தப் படத்தை ஓர் அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து, வாப்பாவிடம் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பொதி இருந்த இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு, "அப்ப என்ட கால் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல வாப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொப்பியைத் தானே வைத்துக்கொண்டார்.

ஒரு மனிதரின் கால் தவறலாம். ஆனால் அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு மட்டும் வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து 113 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 34,000 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இவ்வளவு பேரின் கால்களும் ஒரே வருடத்தில் கவனமில்லாமல் போய்விட்டன என்று சொல்லலாமா? ஏணி இருக்கும் இடமெல்லாம் இப்படி நடக்கிறதென்றால், காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஏணியையும் தரையையும் அவசரத்தையும் பார்க்க வேண்டும்.

நமது நாட்டில் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கடைகளுக்கென்று 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. அது பெரும்பாலும் வேலை நேரம், லீவு, சம்பளம் பற்றியே பேசுகிறது. தொழிற்சாலை என்றால் ஆபத்து, கடை என்றால் ஆபத்தில்லை என்றுதான் நாமும் நினைக்கிறோம். மகனைக் கட்டட வேலைக்கு அனுப்பப் பயப்படும் உம்மா, புடைவைக் கடைக்கு நிம்மதியாக அனுப்புகிறா. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெருநாள் சீசனுக்குக் கடையில் நிற்கும் பொடியன்மாரைத்தான் முதலில் ஏணியில் ஏற்றுகிறார்கள். நமது பெண் பிள்ளைகளும் இப்போது கடைகளில் வேலை செய்கிறார்கள். அபாயாவின் ஓரம் ஏணிப் படியில் மாட்டினால் என்ன நடக்கும் என்று அவர்களை வேலைக்கு எடுக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

நஸீபு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படிதான் நமக்குச் சிறுவயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள். கடையில் அந்த ஒட்டகம் ஏணிதான். அதைக் கட்டாமல் விட்டுவிட்டு, விழுந்த பிறகு நஸீபு என்று சொல்வது நியாயமில்லை.

வாப்பா திரும்பவும் அதே கடைக்குத்தான் போகிறார். இப்போது ஏறுவதில்லை, கீழே மேசையில் இருந்து துணி அளந்து வெட்டுகிறார். ஒரு நாள் அந்தக் கொப்பியைக் கொண்டுபோய் ஹாஜியாரிடம் காட்டியிருக்கிறார். பெரிய மாற்றங்கள் ஒன்றும் நடக்கவில்லை; சிறியவை நடந்தன. பாரமான றோல்களும் அடிக்கடி கேட்கப்படும் நிறங்களும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளுக்கு இறங்கின. எடை குறைந்த, எப்போதாவது தேவைப்படும் பெட்டிகள் மேலே போயின. பழைய ஏணி போய், இருபக்கமும் கைப்பிடி உள்ள படி மேடை வந்தது. தட்டுகளின் அடியில் பொதி வைப்பதில்லை. றோலைத் தோளில் போட்டு இறங்கக் கூடாது. மேலே நிற்பவர் கொடுக்க, கீழே நிற்பவர் வாங்க வேண்டும். தனியாக யாரும் ஏறக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பெருநாள் இரவில் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்று வாப்பா சொல்கிறார். ஏனென்றால் சனம் அவசரப்படுத்தும்.

அந்தச் சனம் நாம்தான். ஆகவே தோழிகளிடமும் பெற்றோரிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற பெருநாளுக்கும் நாம் கடைக்குப் போவோம். மேல்தட்டில் ஒரு நிறம் நம் கண்ணில் படும். அதைக் கேட்பதில் குற்றமில்லை. கேட்கும்போது, "அவசரமில்ல, ஏணியப் பிடிக்க ஒருவர் வரட்டும்" என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வேலைக்குப் போகிறார்கள் என்றால், சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று விசாரிக்கும்போது, அங்கே ஏணி எப்படியானது, அதைப் பிடிக்க ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். அப்படிக் கேட்பதை எந்த முதலாளியும் தன்மீது சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.